கதிரைக்கும் இடுப்புக்கும் ஒரு சொல்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை குசினியில் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது என்பது வெறும் சாட்டு. எனக்கு எதையும் வாயால் சொல்லி முடிக்க வராது. கேட்டவர் எழும்பிப் போய், கேட்டதையும் மறந்த பிறகுதான் எனக்குப் பதில் வரும். அதனால் எழுதுகிறேன். என்னோடு நியமனம் கிடைத்த பட்டதாரிகளின் ஒன்றுகூடலுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். என்னிடமும் ஏதாவது எழுதித் தரச்சொல்லி, கந்தோரில் என்னோடு வேலை செய்கிற நசீரா இரண்டு மாதமாக நச்சரிக்கிறாள். நீ ஓம் என்று சொன்னால் இதையே கொடுத்துவிடுவேன். அதை வாசிக்கப்போகிற ஆட்களில் அரைவாசிப் பேர் உன்னைச் சின்ன வயதில் தூக்கியவர்கள்தான். மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்த சிலவற்றையும் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

நீ ருமேனியாவுக்குப் போவதற்காகக் கைத்தொலைபேசியில் அந்த நாட்டுப் பாஷை படித்துக்கொண்டிருந்தாய். நான் மேசையடியில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா, நீங்கள் கம்பஸில படிச்ச பிரெஞ்சும் இதுவும் ஒரே குடும்பமாம். கதிரைக்கு என்ன, சொல்லுங்கோ பாப்பம்.”

“ஷேஸ்.”

“இதில ஸ்காஉன் எண்டு கிடக்கு. சொந்தக்காரர் மாதிரித் தெரியேல்லையே. நீங்கள் படிச்சது பிழைபோல.”

“எல்லாச் சொல்லும் ஒரே மாதிரி இருக்காது தம்பி.”

“சரி, பிழையில்லை எண்டே வைப்பம். படிச்சு என்ன கண்டீங்கள்? இருக்க ஒரு கதிரைகூடத் தரேல்லை அவங்கள்.”

நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், நானும் சிரித்தேன். பிறகு நான் மேசையைப் பிடித்து, இடது காலில் பாரம் விழாமல் எழும்பினேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த உன்னுடைய முகம் மாறிவிட்டது. தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “கம்பஸ் எங்கையும் ஓடாது அம்மா. முதல்ல உங்கட இடுப்பைப் பாப்பம்” என்றாய்.

கம்பஸ் ஓடும் தம்பி. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான பீடத்துக்கு நீ எடுபட்டிருக்கிறாய். வருகிற வியாழக்கிழமை பதிவு. அன்றைக்கு நீ போகாவிட்டால் உன்னுடைய இடத்தில் வரிசையில் அடுத்ததாக நிற்கிற பிள்ளையைப் போடுவார்கள். அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நீ உன்னுடைய இடத்தைக் கொடுத்து எனக்கு ஒரு புது இடுப்பு மூட்டு வாங்கித் தரப் பார்க்கிறாய். ருமேனியாவில் பொதி கட்டி உழைத்து, கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்ப்பதாக, உன்னை அங்கே அனுப்புகிற முகவருக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறாய். அவர் அதை என்னிடம் ஏதோ வாழ்த்துச் சொல்வதுபோலச் சொன்னார். “கொடுத்து வச்ச தாய் நீங்கள்” என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வழி முழுக்க எனக்குக் களைப்பாக இருந்தது.

முதலில் நீ கேட்ட சொல்லுக்கு வருகிறேன். எனக்கு அதுதான் சுகம்.

எங்கள் வீட்டில் கம்பஸுக்குப் போன முதல் ஆள் நான். உன் அம்மப்பா துறைமுகத்தில் கோதுமை மூட்டை தூக்கியவர். வீட்டில் இருக்க ஒரு நீட்டு வாங்கும் படுக்க இரண்டு பாயும் இருந்தன. ஆராவது பெரிய ஆள் வந்தால் பக்கத்து வீட்டில் கதிரை இரவல் வாங்கிப் போடுவோம். வந்தவர் போன கையோடு துடைத்துத் திருப்பிக் கொடுப்போம். அப்படி இரவல் வாங்குவது ஒரு குறைவாக எங்களுக்குப் படவில்லை. எங்கள் ஒழுங்கையில் இருந்தது அந்த ஒரு கதிரைதான். அது எந்த வீட்டுக்குப் போகிறது என்று பார்த்தே அன்றைக்கு ஆர் வீட்டில் விசேஷம் என்று தெரிந்துகொள்வார்கள். நான் கம்பஸுக்கு எடுபட்ட சேதி வந்த அன்று கிராம சேவகருக்காக அதை வாங்கி வந்தோம். அவர் போன பிறகு அம்மப்பா என்னை அதில் இருக்கச் சொன்னார். வெட்கத்தில் நான் இருக்கவில்லை.

கம்பஸில் பாடம் தெரிவு செய்யச் சொன்னபோது, ஆங்கிலம் எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருந்தது; எனக்கு மட்டும் வராது. பிரெஞ்சு ஒருவருக்குமே தெரியாது. ஒருவருக்கும் தெரியாத வகுப்பில் நின்றால் தெரியாதவள் என்று என்னை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க ஏலாது என்று நினைத்தேன். இதைத் தவிர வேறு காரணம் கிடையாது. உன் நண்பர்களிடம் நான் இலக்கிய ஆசையில் படித்ததாகச் சொல்லியிருக்கிறாய். இனித் திருத்திச் சொல்லிவிடு.

வகுப்பில் நானும் வவுனியாப் பிள்ளை ஒருத்தியும் மட்டும்தான் தமிழ். ஒரு வருடத்துக்கு மேலாக நான் பேர் கூப்பிட்டால் மட்டும் வாய் திறந்தேன். ஒரு நாள் மிஸ், பிரெஞ்சுக்கு அக்கா தங்கை முறையான பாஷைகள் என்று சொல்லி, ஒரே பொருளுக்கு ஒவ்வொன்றிலும் என்ன பேர் என்று பலகையில் எழுதிக்கொண்டு போனார். போர்த்துக்கேயத்தில் கதைரா என்று எழுதி வாசித்தார். நான் யோசிக்காமல், “இது எங்கட சொல்” என்று தமிழில் சத்தமாகச் சொல்லிவிட்டேன். எல்லோரும் திரும்பினார்கள். மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. என்ன சொன்னாய், பிரெஞ்சில் சொல் என்றார். எனக்குப் பிரெஞ்சும் வரவில்லை, சிங்களமும் வரவில்லை. மேசையைத் தட்டினேன், ஜன்னலைக் காட்டினேன், என் சப்பாத்தைக் காட்டினேன், நான் இருந்த கதிரையைக் காட்டினேன். வவுனியாப் பிள்ளை எனக்காகச் சிங்களத்தில் சொன்னாள்: “மிஸ், இவள் சொல்லுறாள், இந்த அறையில இருக்கிற சாமானில அரைவாசி போர்த்துக்கேயர்ட பேரிலதான் எங்கட வீட்டில இருக்குதாம்.” மிஸ் சிரித்தார். உண்மையில் எங்கள் வீட்டில் பேர்கள்தான் இருந்தன. கதிரை என்ற சொல் இருந்தது, கதிரை இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் அந்த ஒரு சொல்லை விடவில்லை. பரீட்சைக்கு வராத விஷயம், ஆனாலும் நூலகத்தில் அதைத் தேடித் திரிந்தேன். கிரேக்கத்தில் அது தொடங்குகிறது. கீழே என்று ஒரு சொல், இருக்கை என்று ஒரு சொல். இரண்டையும் சேர்த்தால் கதெத்ரா. உரோமர் அதை வாங்கினார்கள். உரோமில் ஆண்களுக்கு வேறு ஆசனங்கள் இருந்தன. கதெத்ரா என்பது முதலில் பெண்கள் இருக்கிற கதிரை. முதுகு சாய்வாக, மெத்தை போட்டு, வீட்டுக்குள் வைத்திருப்பது. பிறகு சாய்ந்திருந்து படிப்பிக்க வசதி என்று வாத்திமார் அதை எடுத்துக்கொண்டார்கள். வாத்திமாரிடமிருந்து ஆயர்மார் எடுத்துக்கொண்டார்கள். ஆயருடைய கதிரை இருக்கிற கோயிலுக்கே அந்தக் கதிரையின் பேர் வந்தது. பேராலயத்துக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்கிறார்கள் என்று பார், கதீட்ரல், அந்தச் சொல்லுக்கு உள்ளே கதிரை இருக்கும். இப்படிப் பெண்களின் வீட்டுக்குள் இருந்த ஒரு சாமான் படிப்படியாக ஏறி ஏறி, பெண்கள் இருக்க ஏலாத இடத்தில் போய் நின்றது.

பிரான்சில் அந்தச் சொல் இரண்டாகப் பிரிந்தது. ஷேர் என்று பழைய உருவத்தில் இருப்பது பிரசங்க மேடைக்கும் பேராசிரியர் பதவிக்கும் உரியது. பரிஸ் நகரத்துச் சனங்கள் ரகரத்தைச் சகரம் போல இழுத்துச் சொல்லி உண்டாக்கிய ஷேஸ்தான் சும்மா இருக்கிற கதிரை. இத்தாலியில் காத்தெத்ரா என்றால் வாத்தியாருடைய மேசை. சனங்கள் இருப்பதற்கு வேறு பேர் வைத்திருக்கிறார்கள். போர்த்துக்கலில் கதைரா வீட்டுக் கதிரையாகவே நின்றுவிட்டது. அங்கிருந்துதான் கப்பலேறி எங்களிடம் வந்தது. ஆனால் அங்குள்ள கம்பஸ் பிள்ளைகள் தாங்கள் படிக்கிற பாடத்துக்கும் அதே பேரைத்தான் சொல்கிறார்கள். இந்த வருடம் எனக்கு இத்தனை கதிரை என்றால், இத்தனை பாடம் எடுத்திருக்கிறேன் என்று அர்த்தம்.

உன்னுடைய ருமேனியாவிலும் அந்தச் சொல் இருக்கிறது. வகுப்பறைக்கு வெளியே வராது, அவ்வளவுதான். வாத்தியாருடைய மேசையும் பல்கலைக்கழகத் துறையும் கதெத்ர. இருக்கிற சாமானுக்கு உரோமருடைய வாங்குக்கு இருந்த பேரிலிருந்து ஸ்காஉன் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆகவே நீயும் பிழையில்லை, நானும் பிழையில்லை. நீ போகிற நாட்டில் அந்தச் சொல் படிக்கிறவர்களிடம் மட்டும் இருக்கிறது. நீ அங்கே பொதி கட்டப் போகிறாய்.

ஸ்பானியத்தை விட்டுவிட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

“இருக்க ஒரு கதிரைகூடத் தரேல்லை” என்று நீ சொன்னது சரி. ஆனால் உனக்கு முழுக்கதையும் தெரியாது. படித்து முடித்து, உன்னைப் பெற்று, வருடக்கணக்காக வேலையில்லாமல் ரியூசன் கொடுத்த பிறகுதான் எங்களைக் கூட்டமாகப் பட்டதாரி நியமனத்தில் எடுத்தார்கள். ஒரே நாளில் நகரத்தில் ஒரு அரசாங்கக் கந்தோருக்கு வந்து சேர்ந்த எங்களுக்கு அங்கே வேலையும் இருக்கவில்லை, கதிரையும் இருக்கவில்லை. கையெழுத்து வைத்துவிட்டு விறாந்தையில் நின்றோம். ஆராவது தேநீர் குடிக்க எழும்பினால் அவருடைய கதிரையில் ஒருவர் இருப்பார். அவர் திரும்பி வரும்போது இவர் எழும்புவார். நான் ஒரு நாளும் அப்படி இருக்கவில்லை. எழும்பச் சொல்வதற்கு முன்னால் எழும்பவேண்டும் என்ற பயத்தில் இருப்பதைவிட நிற்பது சுலபம். அங்குதான் நசீராவைக் கண்டேன். குறிஞ்சாக்கேணியில் இருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். அவள் வந்த கிழமையே வீட்டிலிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுவந்து, முதுகில் தன் பேரை எழுதிப் போட்டுவிட்டாள்.

“அக்கா, நீங்களும் ஒண்டு கொண்டு வாங்க. இப்பிடி நிண்டா கால் போயிரும். அரசாங்கம் சம்பளம்தான் தரும், காலைத் தராது.”

“என்னெண்டு கொண்டு வாறது நசீரா, சனம் பார்க்கும்.”

“பாக்கட்டும். நான் வாப்பாட சைக்கிளில கட்டிக்கொண்டு கிண்ணியாப் பாலத்தால வந்தன். பாலத்தில போன ஆமிக்காரன்கூடச் சிரிச்சான்.”

பிறகு எல்லோரும் கொண்டுவந்தார்கள். கந்தோர் கலியாண வீடு மாதிரி ஆகிவிட்டது, ஒவ்வொரு நிறத்தில் ஒவ்வொரு கதிரை. எனக்கு உன் அப்பா ஒன்று கொண்டுவந்து தந்தார். அவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்த காலம். பழைய கப்பலொன்றில் சாப்பாட்டு அறைச் சாமான்களை மாற்றியபோது வெளியே போட்ட மரக்கதிரை அது. எந்த நாட்டுக் கப்பல் என்று அவருக்கும் தெரியாது. இருக்கைக்குக் கீழே ஒரு இரும்பு வளையம் இருந்தது. கடல் கொந்தளிக்கும்போது கதிரை ஓடாமல் தரையோடு சங்கிலி போட்டுப் பூட்டுவதற்கு. “இனி உம்மை ஒருத்தரும் எழுப்ப ஏலாது” என்றார். அவர் அப்படிப் பகிடியாகக் கதைப்பது குறைவு.

பிறகு என்னைக் குச்சவெளிக்கு மாற்றினார்கள். அங்கேயும் கதிரை இருக்காது என்று எல்லோரும் சொன்னதால், கதிரையையும் கொண்டு பஸ் ஏறினேன். உன் அப்பா பஸ் நிலையம் வரைக்கும் தூக்கி வந்து, ஏற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பஸ்ஸில் இடமில்லை. கதிரையை நடுவில் வைத்துவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அக்கா, இது ஆர்ட கதிரை?” என்று நடத்துநர் கேட்டான்.

“என்ட.”

“பிறகேன் நிக்கிறீங்கள்? இருங்கோ. இருந்தால் ஒரு ஆளின்ர இடம், நிண்டால் ரெண்டு ஆளின்ர இடம்.”

இருந்தேன். பஸ்ஸின் நடுவில், எல்லோரும் பார்க்க, சொந்தக் கதிரையில். பக்கத்தில் இருந்த ஐயா ஒருவர் எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்டார். கந்தோருக்கு என்றேன். “கந்தோருக்கோ? நல்ல காலம், உத்தியோகம் தரேக்கை கூரையைக் கொண்டு வரச் சொல்லேல்லை” என்றார். பின்னுக்கு இருந்தவர்கள் சிரித்தார்கள். நடத்துநர் கதிரைக்கு ஒன்று, கதிரையில் இருக்கிற ஆளுக்கு ஒன்று என்று இரண்டு டிக்கெட் கிழித்தான். நிலாவெளியில் கைப்பிள்ளையோடு ஒரு பெண் ஏறினாள். பஸ்ஸில் பூட்டியிருந்த இருக்கைகளில் இருந்த ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் எழும்பினேன். குச்சவெளி வரைக்கும் என்னுடைய கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடி போனேன். அந்தப் பெண் இறங்கும்போது நடத்துநருக்கு நன்றி சொன்னாள்.

இதை நான் பகிடியாகத்தான் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. குச்சவெளியில் வருடக் கடைசியில் பொருட்கணக்கெடுப்பு நடந்தது. வேறு கந்தோரிலிருந்து இரண்டு பேர் வந்து, மேசை, கதிரை, அலுமாரி எல்லாவற்றையும் எண்ணி, இலக்கம் இல்லாதவற்றுக்கு வெள்ளைப் பெயின்ரால் இலக்கம் போட்டார்கள். பிளாஸ்ரிக் கதிரைகளில் பேர் இருந்தபடியால் அவற்றை விட்டுவிட்டார்கள். என்னுடையதில் நான் பேர் எழுதவில்லை. மரக்கதிரை, பழசு, பார்த்தால் அரசாங்கச் சாமான் மாதிரித்தான் இருந்தது. வந்தவர்களில் ஒருவர் அதற்குத் தூரிகையோடு குனிந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். ஐயா, இது என்ட என்று சொல்ல ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. அவர் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தார், இடையில் குழப்பக்கூடாது, பிறகு சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். பெயின்ர் காய்ந்துவிட்டது.

மறுபடி நகரத்துக்கு மாற்றம் வந்தபோது நிருவாக உத்தியோகத்தரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனுசன். எழும்பி வந்து கதிரையைச் சுற்றிப் பார்த்தார், குனிந்து வளையத்தையும் பார்த்தார்.

“பிள்ளை, உம்முடையதுதான், நான் நம்புறன். ஆனால் நம்பர் விழுந்திட்டுது. இனி இதை நீர் கொண்டு போனால் கதிரையைக் காணேல்லை எண்டு நான் பதில் சொல்லவேணும்.”

“விளங்குது சேர்.”

“அரசாங்கத்திட்ட இருந்து கதிரை பிடிச்ச ஆக்களை நிறையப் பாத்திருக்கிறன். அரசாங்கத்துக்குக் கதிரை குடுத்த ஆளை இப்பத்தான் பாக்கிறன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன். உன் அப்பாவிடம் அங்கே தேவைப்பட்டது, விட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னேன். அடுத்த வருடம் அவரும் இல்லை. அவர் எனக்கென்று தன் கையால் தூக்கிவந்த ஒரே சாமான் இப்போதும் குச்சவெளியில் யாரோ ஒருவரைத் தாங்கிக்கொண்டிருக்கும். நான் போய்ப் பார்த்ததில்லை.

இதில் உனக்குப் பாடம் எடுக்க நான் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருவருடையது கைமாறுகிறபோது சண்டை நடப்பதில்லை, சத்தம் வருவதில்லை. நல்ல மனுசர்தான் குனிந்து இலக்கம் போடுவார்கள். பிறகு சொல்லலாம் என்று நிற்கிறவரும் நல்ல மனதோடுதான் நிற்பார். நீ இப்போது அப்படி நிற்கிறாய். கம்பஸ் ஓடாது என்கிறாய். முகவர் நல்லவராகவே இருக்கலாம், நீ எனக்காகப் போவதும் நல்ல எண்ணம்தான். வியாழக்கிழமை பின்னேரம் பெயின்ர் காய்ந்துவிடும்.

ஸ்பானியத்தை இப்போது சொல்கிறேன். அங்கே இந்தச் சொல் கதேரா என்று ஆகி, கதிரையை விட்டே போய்விட்டது. இருக்கிற சாமானுக்கு அவர்கள் வேறு பேர் எடுத்துக்கொண்டார்கள். கதேரா என்றால் இடுப்பு. ஆள் கதிரையில் எந்த இடம் படக் குந்துகிறாரோ அந்த எலும்புக்கு அதன் பேரைக் கொடுத்துவிட்டார்கள். கம்பஸ் நூலகத்தில் இதை வாசித்தபோது பகிடியாக இருந்தது. போன வருடம் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மூட்டு தேய்ந்துபோன இடத்தைப் பேனையால் காட்டியபோது, மறந்துபோன அந்தப் பிரெஞ்சு, ஸ்பானியம் எல்லாவற்றிலும் இந்த ஒரு சொல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஒரு பாஷையில் என்னுடைய இடுப்பு, இன்னொரு பாஷையில் உன்னுடைய படிப்பு. நீ அந்த இரண்டையும் மாற்றிக்கொள்ளப் பார்க்கிறாய். சொல் ஒன்றாக இருக்கலாம் தம்பி. ஆட்கள் இரண்டு பேர்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இதைத்தான் சொல்லக் கஷ்டம். அம்மப்பா என்னைப் படிப்பிக்கவென்று முதுகு கூனும்வரை மூட்டை தூக்கினார். நான் தூக்கச் சொல்லவில்லை. என்னுடைய தங்கை, உன் சித்தி, அக்கா படிக்கிறாள் என்று பத்தாம் வகுப்போடு தையல் கடைக்குப் போனாள். உன் அப்பா எனக்கு நிரந்தர நியமனம் வரட்டும், பிறகு ஓய்வெடுக்கலாம் என்று நெஞ்சு நோவோடு படகில் ஏறினார். எல்லோரும் அன்பினால் செய்தார்கள். எல்லோரும் தங்கள் ஒன்றை விட்டுவிட்டு அதற்கு என்னைக் காரணமாகக் காட்டினார்கள். விட்டுக்கொடுத்தவர்களை ஊர் மெச்சுகிறது. காரணமாக இருக்கிறவளுக்கு என்ன நடக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அவளுக்கு ஒரு சேலை பிடித்தாலும் வாங்கப் பயம், ஒரு நாள் வேலைக்குப் போகாமல் படுத்தாலும் குற்றமாக இருக்கும். எனக்கு இடுப்பு நோவதைவிட அது கூடுதலாகக் களைப்பு. எனக்கு இன்னொரு முறை காரணமாக இருக்க ஏலாது. உன்னிடம் கேட்கிறது இது ஒன்றுதான்.

உனக்கு அந்த நாட்டைப் பார்க்க ஆசையென்றால் போ. பனி விழுவதைப் பார்க்கவேண்டும், சொந்தமாக உழைக்கவேண்டும், இந்தத் துறைமுகத்து வீதியை விட்டுக் கொஞ்சக் காலம் தள்ளி இருக்கவேண்டும் என்றால், அதுவும் ஒரு ஆசைதான், அதை நான் மதிப்பேன். உன் பெட்டியை நானே அடுக்கித் தருவேன். முகவரிடம் கொடுத்த முற்பணம் போனால் போகட்டும், அதற்காகவும் போகாதே. ஆனால் அம்மாவின் இடுப்புக்காக என்று சொல்லிப் போகாதே. அந்தக் காரணத்தை நான் எடுத்துவிட்டேன்.

எப்படியென்றால், டொக்டர் படம் பார்த்த அன்றே நான் கண்டி ஆஸ்பத்திரியில் பேர் பதிந்துவிட்டு வந்தேன். இலவச வரிசை நீளம், வருமோ வராதோ என்று உன்னிடம் சொல்லவில்லை. போன செவ்வாய்க்கிழமை கந்தோரில் இருக்கும்போது அழைத்தார்கள். வியாழக்கிழமை காலை வந்து கட்டிலில் சேரவேண்டும், வெள்ளிக்கிழமை வெட்டுவார்கள். ஓம், அதே வியாழக்கிழமை. வேறு நாள் கேட்டுப் பார்த்தேன். இந்த நாளை விட்டால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும் என்றாள் அழைத்த நேர்ஸ் மிஸ். அவள் சொன்ன விதத்தில் எனக்கு உன்னுடைய கம்பஸ்தான் நினைவுக்கு வந்தது. “இல்லை மிஸ், நான் வாறன்” என்று அங்கேயே சொல்லிவிட்டேன். நசீரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தொலைபேசியில் அவ்வளவு சத்தமாகக் கதைத்ததை அவள் கேட்டதில்லையாம்.

நான் இதை உன்னைக் கம்பஸுக்கு அனுப்புவதற்காகக் கட்டிய கதை என்று நீ நினைப்பாய். நசீராவைக் கேள், அவளுக்குப் பொய் சொல்ல வராது. அவள்தான் என்னோடு வருகிறாள், லீவு போட்டுவிட்டாள். விடியக்காலைக் கண்டி பஸ்ஸில் நாங்கள் போவோம். உன்னுடைய யாழ்ப்பாண பஸ் எங்களுக்குப் பிறகுதான். நாங்கள் கண்டி வீதியில் கப்பல்துறையைத் தாண்டும்போது நீ எழும்பிக் குளித்தால் போதும். காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கி வைத்திருப்பேன், சம்பல் மூடியிருக்கும். உன் சான்றிதழ்கள் அலுமாரியில் மேல் தட்டில் இருக்கின்றன.

அதை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் கண்டிக்கு வந்து நிற்காதே. கேட்டுப் பார்த்தேன், பெண்கள் வார்ட்டில் ஒரு கட்டிலுக்குத் துணையாக ஒரு ஆளைத்தான் விடுவார்களாம். அந்த ஆளுக்கு ஒரு கதிரைதான் போடுவார்களாம். அதில் நசீரா இருப்பாள். உனக்கு அங்கே இடமில்லை.

அம்மா